டேங்க் கழுவிய பிறகு மாடிக் குழாயில் தண்ணீர் வரவில்லையா?

கேள்வி: தக்கலை பக்கத்தில் எங்கள் வீடு. கிணற்றுத் தண்ணீரை மோட்டார் போட்டு மொட்டைமாடி டேங்கில் ஏற்றுகிறோம். டேங்கைக் கழுவி நிரப்பியதிலிருந்து மாடி பாத்ரூமில் எந்தக் குழாயிலும் தண்ணீர் இல்லை. கீழே நன்றாக வருகிறது. பிரஷர் பம்ப் வைக்கச் சொல்கிறார் பிளம்பர். வைக்கலாமா?

பதில்: அவசரப்பட்டுப் பம்ப் வாங்காதீர்கள். ஒரு குழாய் மட்டும் நின்றிருந்தால் கழுவிய அழுக்கு வாயில் அடைத்திருக்கிறது எனலாம். மொத்த லைனும் நின்றிருப்பதால், பைப்புக்குள் காற்று அடைத்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

முதலில் மொட்டைமாடிக்குப் போய் டேங்கிலிருந்து வரும் பைப்பைப் பாருங்கள். நம் மாவட்டத்தில் பல வீடுகளில் டேங்கைத் தரையிலேயே வைத்து, பைப்பைக் கைப்பிடிச் சுவருக்கு மேலே ஏற்றி வெளியே இறக்கியிருப்பார்கள். டேங்க் காலியானதும் அந்த வளைவில் காற்று புகுந்துவிடும். மறுபடி நிரப்பினாலும் வெளியேறாது. மாடிக் குழாய்க்கும் டேங்கின் நீர்மட்டத்துக்கும் எட்டு, பத்து அடிதான் உயர வித்தியாசம். இறங்கும் பைப்பில் மூன்றடிக்குக் காற்று நின்றால் அதில் மூன்றடி போச்சு. பாத்ரூம் வாசலுக்கு மேலே பைப் இன்னொரு முறை ஏறி இறங்கினால் அங்கேயும் இழப்பு, இரண்டும் சேர்ந்துகொள்ளும். கீழ்வீட்டுக்கு உயரம் கூடுதல் என்பதால் தண்ணீர் காற்றைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுகிறது.

காற்றை எடுக்க, தண்ணீரைத் தலைகீழாக விட வேண்டும். கீசருக்குப் போகும் லைன் என்றால் கீசரை அணைத்துவிடுங்கள். மோட்டாரிலிருந்து நேராகத் தண்ணீர் வரும் குழாய் ஒன்றில் ஹோஸ் மாட்டி, மறுமுனையை மாடி பாத்ரூம் குழாயில் கிளிப் போட்டு இறுக்குங்கள். டேங்க் வால்வைத் திறந்து வையுங்கள், மற்ற குழாய்களெல்லாம் மூடியிருக்கட்டும். மோட்டாரை இரண்டு, மூன்று நிமிடம் ஓடவிட்டால் டேங்குக்குள் குபுகுபுவென்று குமிழி வரும். குமிழி நின்றதும் மோட்டாரை நிறுத்திவிட்டு, ஹோஸைக் கழற்றிப் பாருங்கள். பஞ்சாயத்துக் குழாயை இதற்குப் பயன்படுத்தவே கூடாது; அங்கே தண்ணீர் நின்றால் உங்கள் டேங்க் தண்ணீர் ஊர்க் குழாய்க்குள் போய்விடும்.

சரி, அடுத்த முறை கழுவும்போதும் இதே கதை வராமல் இருக்க வேண்டுமே? கைப்பிடிச் சுவரின் அடியில் துளை போட்டு, பைப்பை டேங்கிலிருந்து ஒரே இறக்கமாகக் கொண்டுபோங்கள். வால்வைத் தாண்டியதும் ‘T’ வடிவ இணைப்பு ஒன்றைப் போட்டு, டேங்கின் மேல்மட்டத்துக்கு மேலே எழும்பும் காற்றுக்குழாய் ஒன்றையும் வையுங்கள். சிலர் வளைவை அப்படியே விட்டுவிட்டு அதன் உச்சியில் காற்றுக்குழாய் வைப்பார்கள். டேங்கில் தண்ணீர் அந்த உச்சிக்குக் கீழே இறங்கியதும் ஓட்டமே நின்றுவிடும். அதனால் வளைவை எடுப்பதுதான் முதல் வேலை.

மழைக்காக மாடியில் ஷீட் போட்டிருந்தால் காற்றுக்குழாயின் வாய் அதில் முட்டாமல் இடைவெளி இருக்கட்டும். சோலார் ஹீட்டர் இருந்தால் அதன் காற்றுக்குழாயை எக்காரணம் கொண்டும் அடைக்காதீர்கள். சூடாகும் தண்ணீரிலிருந்து காற்று பிரிந்துகொண்டே இருக்கும். அது வெளியேற அந்த ஒரு வழிதான்.

இவ்வளவும் செய்த பிறகும் ஷவரில் வேகம் போதவில்லை என்றால், அப்புறம் பம்ப் பற்றி யோசிக்கலாம்.