தே தாரிக் கலர்ல ஓடுற மழைத்தண்ணி

கேள்வி: எங்க பிளாக்குக்குப் பின்னாடி கம்யூனிட்டி கார்டன்ல ரெண்டு பாத்தி போட்டிருக்கேன், கொஞ்சம் சரிவான இடம். டிசம்பர்ல நாள் முழுக்கத் தூறுனாலும் லோங்காங்ல, அதான் வடிகால்ல, தண்ணி தெளிவாத்தான் போகுது. ஏப்ரல்ல மத்தியானம் ஒரு அரை மணி நேரம் பெஞ்சா போதும், தே தாரிக் (ஆத்துன பால் டீ) கலர்ல ஓடுது, வெண்டைச் செடி வேரெல்லாம் வெளிய தெரியுது. கம்மி மழைக்கு எப்படிங்க அதிக மண்ணு போகுது?
- வாசகி, ஈசூன்

பதில்: ரொம்ப நல்லா கவனிச்சிருக்கீங்கம்மா. சிங்கப்பூருக்கு வருஷத்துக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல மழைன்னு சொல்றோம்ல, மண்ணுக்கு அந்த மொத்தக் கணக்கு பெருசில்ல, எவ்ளோ வேகமா அடிச்சுதுங்கறதுதான் பெருசு. தூறல் துளி அரை மில்லிமீட்டர்தான் இருக்கும், பூ மாதிரி இறங்கும். இடிமழைத் துளி 5 மில்லிமீட்டர் வரைக்கும் போகும், பத்து மடங்கு அகலம்னா எடை ஆயிரம் மடங்கு, அது செகண்டுக்கு 9 மீட்டர் வேகத்துல வந்து மண்ணுல குத்துது. மண்கட்டி உடைஞ்சு தூளாகி, அந்தத் தூளு மண்ணுல இருக்கற ஓட்டையெல்லாம் அடைச்சிடும், அப்புறம் தண்ணி எங்க உள்ள இறங்கும், மேலயே வழிஞ்சு தூளையும் சேத்து இழுத்துட்டுப் போயிடும்.

1950கள்ல நார்மன் ஹட்சன்னு ஒரு ஆய்வாளர், இப்ப ஜிம்பாப்வேன்னு சொல்ற நாட்டுல, வெறும் மண்ணா ரெண்டு துண்டு நிலம் எடுத்து ஒண்ணுக்கு மேல மட்டும் கொசுவலைக் கம்பி கட்டி விட்டாரு. ரெண்டுலயும் அதே மழைதான், வலையில பட்டு துளி சின்னச் சின்னதா சிதறி விழுந்துச்சு, அவ்வளவுதான் வித்தியாசம். வலை இல்லாத நிலத்துல நூறு மடங்குக்கு மேல மண்ணு போச்சு! மணிக்கு 25 மில்லிமீட்டருக்கு மேல அடிக்கிற மழைதான் மண்ணை அரிக்குதுன்னும் அவர் சொன்னாரு, குளிர் நாடுகளைவிட நம்ம மாதிரி வெப்பமண்டல ஊர்ல அப்படிப்பட்ட மழை ஜாஸ்தி.

ஏப்ரல்ல இன்னொரு சங்கதியும் சேருது. பிப்ரவரி, மார்ச்ல வெயில் காய்ஞ்சு புல்லெல்லாம் கருகி மண்ணு மொட்டையா கெடக்கும், அந்த நேரம் பாத்து மத்தியான இடிமழை ஆரம்பிக்குது. அதுக்காக டிசம்பரையும் லேசா எண்ணிடாதீங்க, நாள்கணக்கா ஊறிப்போன சரிவு மொத்தமா சரியவும் செய்யும்.

அடுத்த மழைக்கு முன்னாடி பாத்தி மேல ஒரு சின்னக் கூழாங்கல்லை வச்சிட்டுப் போங்க. மழை விட்டதும் குனிஞ்சு பாருங்க, சுத்தி மண்ணு போயிருக்கும், கல்லுக்கு அடியில மட்டும் குட்டித் தூண் மாதிரி மண்ணு நிக்கும். அந்தக் கல்லு செய்யிற வேலையைக் காஞ்ச எலையும் வெட்டுன புல்லும் செய்யும், தயவுசெஞ்சு அதைக் கூட்டி அள்ளிக் குப்பையில போடாதீங்க. பாத்தியையும் சரிவுக்குக் குறுக்க போடுங்க.

கேள்வி: பெரிய மரத்தடியிலகூட மண்ணு கரையுதே, மரம் மழையைத் தடுக்காதா?
- வாசகர், ஜூரோங்

பதில்: தடுக்கும், ஆனா எலையில சேந்து சேந்து இன்னும் பெரிய துளியா சொட்டும். எட்டு, ஒம்பது மீட்டர் உயரத்துல இருந்து விழுந்தா மழைத்துளிக்குச் சமமான வேகம் வந்துடும். காட்டுல மண்ணைக் காப்பாத்துறது கீழ கெடக்குற சருகும் சின்னச் செடிகளும்தான், உங்க மரத்தடியைத் தினமும் பெருக்கி வச்சா அது கரையத்தான் செய்யும்.