டைச் அடித்த பெனால்டி ஏன் கணக்கில் இல்லை?

கால்பந்து வீரராக இருந்து பயிற்சியாளரான ஷான் டைச், இங்கிலாந்தின் செஸ்டர்ஃபீல்ட் அணிக்காக அடித்த கோல்களின் கணக்கு இரண்டு இடத்தில் இரண்டு விதமாக இருக்கிறதே, 1997-ல் அடித்த பெனால்டி ஒன்றில் இல்லையே என்று கேட்டிருந்தீர்கள். காரணம், ஒன்று லீக் ஆட்டங்களை மட்டும் கூட்டுகிறது, கோப்பை ஆட்டங்களைச் சேர்ப்பதில்லை. நீங்கள் தேடும் 1997 பெனால்டி, லீக்கிலிருந்து தனியாக நடக்கும் எஃப்ஏ கோப்பையின் அரையிறுதியில், மிடில்ஸ்பரோவுக்கு எதிராக ஓல்ட் டிராஃபோர்டில் அடித்தது. மூன்றாம் அடுக்கு அணியான செஸ்டர்ஃபீல்ட், முதல் அடுக்கான பிரீமியர் லீக்கின் அணியோடு 3-3 என முடித்த ஆட்டம்.

புள்ளிவிவர அட்டவணையின் 1996-97 வரிசையில் கோப்பை ஆட்டங்களுக்குத் தனி நெடுவரிசை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதையும் லீக் கணக்கோடு கூட்டிப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.

அப்புறம், டைச் பயிற்சியாளராக இருந்த ஆட்டங்களின் கணக்குக்கு இந்த வழி உதவாது. 2012 முதல் 2022 வரை பர்ன்லி அணிக்கு அவர் பயிற்சியாளராக இருந்த ஆட்டங்களைக் கோப்பையையும் சேர்த்தே எண்ணுவது வழக்கம்.