தேடினால் கிடைக்கவில்லையா? இணையத் தரவுத்தளத் தேடல்: கேள்வி பதில்

இணையத் தரவுத்தளத்தின் தேடல் அமைப்புகளை நம் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்வது குறித்துத் திருநெல்வேலி, தென்காசிப் பகுதி அன்பர்கள் கேட்டவற்றுள் சிலவற்றுக்கு விடை எழுதுகிறேன். பெரும்பாலோர் வைத்திருப்பது மைஎஸ்க்யூஎல் என்னும் தரவுத்தள மென்பொருள் என்பதால் அதையே மனத்தில் கொண்டிருக்கிறேன்.

பத்தமடை அன்பர்: அண்ணாச்சி, எங்கள் விற்பனைத் தளத்தில் ‘கோரைப்பாய்’ என்று தட்டினால் ஒன்றுமே வருவதில்லை. சரக்கோ நாற்பது வகைக்கு மேல் பதிந்திருக்கிறோம்.

உங்கள் பட்டியலை அனுப்பியது நல்லதாயிற்று. அதில் ‘கோரைப் பாய்’ என்று இடைவெளி விட்டும், ‘கோரை பாய்’ என்று ஒற்று இல்லாமலும் இருவர் பதிந்திருக்கிறார்கள். தேடுபவரோ சேர்த்து எழுதுகிறார். கண்ணுக்குத் தெரியாத வேறொரு சிக்கலும் உண்டு. எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் முறையான யூனிகோடில் ‘கோ’ என்பதைக் ககரத்தோடு ஓகாரக் குறி ஒன்றை மட்டும் சேர்த்தும் எழுதலாம். ஏகாரக் குறி, கால் என இரண்டு குறிகளைச் சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும், ஆனால் பைட் பைட்டாக ஒப்பிடும் கணினிக்கு அவை வெவ்வேறு சொற்கள்.

ஆகவே அட்டவணையின் பெயர்ப் பத்தியை (நெடுவரிசையை)த் தொடாமல், தேடலுக்கென்றே மறைவான பத்தி ஒன்றை அமையுங்கள். பெயரை முதலில் தளத்தின் நிரல்மொழியான பிஎச்பியில் உள்ள, யூனிகோட் வடிவங்களைச் சீராக்கும் நார்மலைசர் வழியாக ஒரே வடிவுக்குக் கொண்டுவந்து, இடைவெளியை நீக்கி, க, ச, த, ப ஆகிய நான்கும் இரட்டிக்கும் இடங்களில் ஒற்றை எடுத்துவிட்டு அதில் சேமியுங்கள். மூன்று வடிவமும் ‘கோரைபாய்’ என்று ஆகிவிடும். தேடுபவர் தட்டும் சொல்லையும் இதே வழியில் மாற்றிய பிறகே ஒப்பிட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் முன்பு கிடைத்ததும் கிடைக்காது. ‘பச்சை’ தேடினால் ‘பசை’யும் வரும் என்பது உண்மைதான். பாய்க்கடையில் அதனால் பெரிய நட்டம் இல்லை.

அம்பாசமுத்திரம் நூலக ஆர்வலர்: பழைய இதழ்களின் அட்டவணையில் ‘தை’ மாத இதழ்களைத் தேட முடியவில்லையே, ஏன்?

மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்பு முறையான இன்னோடிபி சொற்களைத் தேடுவதற்காகக் கட்டும் முழு உரை இண்டெக்ஸ் (சொல்லடைவு), இயல்பான அமைப்பில் மூன்று யூனிகோட் குறிக்குக் குறைந்த சொல்லை ஏற்பதில்லை. அந்தக் கணக்கில் ‘தை’ என்பது தகரமும் ஐகாரக் குறியுமாக இரண்டே குறிகள். இந்த வரம்பை அமைப்புக் கோப்பில் குறைக்கலாம் என்றாலும், சர்வரை மறுபடி தொடங்கி, இண்டெக்ஸையும் நீக்கிப் புதிதாகக் கட்டினால்தான் மாற்றம் செல்லுபடியாகும். இரண்டாவதை மறந்துவிட்டு நான் அரைநாள் மண்டையை உடைத்துக்கொண்டதுண்டு. என்கிராம் என்னும் பாகுபடுத்தி சொற்களை இரண்டிரண்டு குறியாக வெட்டி வைப்பதால் ‘தை’யைக் கண்டுபிடித்துவிடும், ஆனால் கதை, விதை, சந்தை எல்லாவற்றையும் கூடவே இழுத்து வரும். மாதத்தைத் தனிப் பத்தியாக்கி, பன்னிரண்டு மாதப் பெயர்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி விடுவதே நல்லது.

பாளையங்கோட்டை அன்பர்: பழைய மாணவர் பட்டியலில் மாவட்டம் ‘திருநெல்வேலி’ என்று வடிகட்டினால் சங்கரன்கோவில்காரர்களில் சிலர் வருகிறார்கள், சிலர் வருவதில்லை.

இது மென்பொருளின் பிழை அன்று. திருநெல்வேலியிலிருந்து பிரிந்து 1986இல் தூத்துக்குடியும் 2019இல் தென்காசியும் தனி மாவட்டங்களாயின. 2019க்கு முன் பதிந்த சங்கரன்கோவில்காரர் திருநெல்வேலி என்றும், பின் பதிந்தவர் தென்காசி என்றும் எழுதியிருப்பார். இருவர் எழுதியதும் அந்தந்தக் காலத்தில் சரியே. பழையதை அழித்துத் திருத்தாதீர்கள். ஆளின் பதிவில் ஊரின் எண்ணை மட்டும் வையுங்கள். எந்த ஊர் எந்த நாள் முதல் எந்த நாள் வரை எந்த மாவட்டத்தில் இருந்தது என்பது தனி அட்டவணையில் இருக்கட்டும். தேடல் படிவத்தில் ‘இன்றைய மாவட்டம்’, ‘பதிந்த காலத்து மாவட்டம்’ என்று இரண்டு தெரிவுகளைக் கொடுத்தால், செங்கோட்டைக்காரரையும் திருச்செந்தூர்க்காரரையும் விடாமல் எடுக்கலாம்.

வண்ணார்பேட்டை மாணவர்: எந்தப் பத்தியைக் கொண்டு வரிசைப்படுத்துவது என்பதை இணைய முகவரியிலிருந்தே எடுத்து க்வெரியில் (தரவுத்தளத்துக்கு அனுப்பும் கட்டளையில்) சேர்க்கலாமா, சார்?

அப்படியே சேர்க்காதீர்கள், தம்பி. தேடும் மதிப்புகள் வரும் இடத்தில் கேள்விக்குறி மட்டும் இட்ட ஆயத்த க்வெரியை வைத்து, மதிப்புகளைத் தனியாக அனுப்பினால், வெளியார் க்வெரியையே மாற்றிவிடாதபடி பாதுகாப்பு உண்டு. ஆனால் பத்தியின் பெயரை அவ்வாறு அனுப்ப முடியாது, அது வெறும் சொல்லாகவே கொள்ளப்படும். பெயர், விலை, தேதி என்று நீங்கள் அனுமதிப்பவற்றைப் பட்டியலிட்டு, வந்தது அதில் இருந்தால் மட்டும் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் பெயர் வரிசையே இருக்கட்டும்.

கடையநல்லூர் அன்பர்: தேடல் மிக மெதுவாக இருக்கிறது, சர்வரை மாற்ற வேண்டுமா?

வேண்டாம். உங்கள் க்வெரியின் லைக் ஒப்பீட்டில், தேடும் சொல்லுக்கு முன்னும் பின்னும் எதுவும் வரலாம் என்னும் விழுக்காட்டுக் குறி (%) இருக்கிறது. முன்னால் அது இருந்தால் சாதாரண இண்டெக்ஸ் பயன்படாது, அட்டவணையின் எல்லாப் பதிவுகளும் படிக்கப்படும். பெயரின் தொடக்கம் மட்டும் பொருந்தினால் போதும் என்றால் முன்குறியை எடுத்துவிட்டுப் பாருங்கள்.