செயலிகள் பயனர்களிடம் ரிவ்யூ கேட்பது சரியா?

கேட்கலாம். எப்போது, எப்படிக் கேட்கிறார்கள் என்பதில்தான் எனக்குச் சண்டை. அவசரமாகப் பணம் அனுப்பும்போது நட்சத்திரப் பெட்டி குறுக்கே வந்து நின்றிருக்கும், அந்தக் கடுப்பில் கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்தக் கடுப்பு நியாயமானது.

மாத்திரை நேரத்தை நினைவூட்டும் ஒரு சிறிய செயலியைத் தனி ஆளாக நடத்துகிறேன். விளம்பரத்துக்குக் காசு கிடையாது. நான் கேட்காமல் இருந்தால் ரிவ்யூ எழுத வருபவர்கள் பெரும்பாலும் கோபத்தில் இருப்பவர்கள்தான். அலாரம் ஒழுங்காக அடித்தால் மாத்திரையைப் போட்டுவிட்டு அவரவர் வேலைக்குப் போய்விடுவார்கள். ஃபோனின் பேட்டரி சேமிப்பு வசதி அலாரத்தை முடக்கிவிட்டால் எனக்கு ஒற்றை நட்சத்திரம். "ரிவ்யூ கேட்பதே பிச்சை" என்று சொல்பவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

முன்பு நான் வேலை பார்த்த நிறுவனத்தில் ஒரு வழக்கம் இருந்தது. "செயலி பிடித்திருக்கிறதா?" என்று முதலில் கேட்பார்கள். ஆமாம் என்றால் நேரே ஸ்டோர் திறக்கும். இல்லை என்றால் உள்ளேயே ஒரு கருத்துப் படிவம். அதில் வந்து விழுந்ததை யாரும் படித்ததில்லை. அந்தப் பகுதியை மாற்றி எழுதும் வேலை என்னிடம் வந்தபோது, முடியாது என்று மேலாளரிடம் சொன்னேன். குறை சொல்பவரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டு மற்றவரை மட்டும் சாட்சிக்கு அழைப்பது ஏமாற்று. வேறொருவர் எழுதிக் கொடுத்தார், ரேட்டிங்கும் ஏறியது. அந்த வருடம் எனக்குச் சம்பள உயர்வு இல்லை. இன்றும் அதில் எனக்கு வருத்தமில்லை. இப்போது கூகுளின் வழிகாட்டுதலே, ரேட்டிங் பெட்டிக்கு முன்னால் இப்படி அபிப்பிராயம் கேட்கக் கூடாது என்கிறது.

இதற்கென்று முறையான வழியும் இருக்கிறது. ஆப்பிள் 2017இல் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 10.3உடன் தன் சொந்த ரேட்டிங் பெட்டியைக் கொண்டுவந்தது. ஒரு செயலிக்கு 365 நாளில் அதிகபட்சம் 3 முறைதான் அது தோன்றும். கூகுளும் 2020இல் இதே போன்ற ஒன்றைக் கொடுத்தது, அதற்கும் வரம்பு உண்டு. பெட்டியைக் காட்டுவதா வேண்டாமா என்பதைக் கடைசியில் முடிவு செய்வது அவர்கள்தான், செயலி எழுதியவர் இல்லை. என் செயலியில் ஒரு வாரம் முழுக்க மாத்திரைப் பதிவு விடுபடாமல் இருந்தால், அன்றைய கடைசிப் பதிவும் முடிந்த பிறகே கேட்கிறேன். மாத்திரையைக் கையில் வைத்திருப்பவரிடம் கேட்க மாட்டேன்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். "ஒரு ஆப்தானே, சும்மா பண்ணிக் கொடேன்" என்று கேட்கும் சொந்தக்காரர்கள் இருக்கிறார்களே, அவர்களில் ஒருவர்கூட என் செயலிக்கு இதுவரை இரண்டு வரி எழுதியதில்லை. முகம் தெரியாதவர்கள்தான் எழுதுகிறார்கள். அதனால்தான் அவர்களிடம் கேட்பதில் எனக்கு வெட்கமில்லை.

தொந்தரவே வேண்டாம் என்றால், ஐபோனில் ஆப் ஸ்டோருக்கான அமைப்புகளில் இந்தக் கோரிக்கைகளை மொத்தமாக அணைத்துவிடலாம். அணைத்த பிறகும் நீங்களாக ஸ்டோருக்குப் போய் எழுதத் தடையில்லை.