கேமரா கண்டது கோர்ட்டில் நிற்குமா?

குற்றவியல் வழக்கறிஞர் ஒருவர் வாசகர்களுக்கு அளித்த பதில்கள்.

கடை வாசலில் நடந்த அடிதடி என் கேமராவில் பதிவாகியிருக்கிறது. எஸ்.ஐ. பென் டிரைவில் கேட்கிறார். கொடுத்தால் போதுமா, ஐயா?

போதாது. நகலோடு, அது எந்தக் கருவியில் எப்படிப் பதிவானது என்று உறுதிசொல்லும் சான்றிதழும் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014இலேயே அன்வர் வழக்கில் சொல்லிவிட்டது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆவது பிரிவு இன்னும் கறார். சான்றிதழில் பதிவின் ஹாஷ் எண்ணையும், அதாவது பதிவுக்குக் கைரேகை போன்ற குறியீட்டையும், குறிக்க வேண்டும். பதிவில் ஒரு நொடியை வெட்டினாலும் அந்த எண் மாறிவிடும். அதைவிட அவசரம், கேமரா காட்சிகளைச் சேமிக்கும் உங்கள் டி.வி.ஆர். பெட்டி பழைய பதிவை அழித்துத்தான் புதியதற்கு இடம் தேடும். இன்றே நகல் எடுங்கள்.

தம்பியை ஸ்டேஷனில் அடித்துவிட்டார்கள். கேட்டால், அங்குள்ள கேமரா பழுது என்கிறார்கள்.

கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன பதில். 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தாக்கப்பட்டுத் தந்தையும் மகனும் இறந்த வழக்கில், விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் கண்டது என்ன தெரியுமா? 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க்கில் இடம் தாராளமாக இருந்தது. பதிவுகள் அன்றாடம் தானாக அழியும்படி அமைத்து வைத்திருந்தார்கள். கேமராவில் ஒரு பழுதும் இல்லை!

அந்த டிசம்பரிலேயே பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம், காவல் நிலையப் பதிவுகளை ஒலியோடு 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்றது. மாநில மனித உரிமை ஆணையம் அவற்றை வரவழைக்கலாம். எனவே நாள், நேரம் குறித்து, பதிவைப் பத்திரப்படுத்தச் சொல்லி ஆணையத்துக்கும் எஸ்.பி.க்கும் பதிவுத் தபால் அனுப்புங்கள். அதற்கு முன்பே தம்பியை அரசு மருத்துவமனையில் காட்டி, காயங்களை விபத்துப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள்.

சம்பவ நேரத்தில் என் செல்போன் அந்த டவரில் இருந்ததாம். மாட்டிக்கொள்வேனா?

அது மட்டும் போதாது. கிராமத்து டவர் பல கிலோமீட்டர் வட்டாரத்துக்குப் பொது. போன் யார் கையில் இருந்தது என்றும் அது சொல்லாது.

முகத்தை மென்பொருள் அடையாளம் காட்டினால் கைது செய்யலாமா?

அதைத் துப்பு என்று மட்டும் கொள்ள வேண்டும். அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் 2020இல் இப்படி நம்பி, சம்பந்தமே இல்லாத ஒருவரை வீட்டு வாசலில், மனைவி மக்கள் முன்னால் கைது செய்தார்கள். டெல்லி போலீஸோ 80 சதவீதம் பொருந்தினாலே ஆள் அவர்தான் என்று கொள்வதாக 2022இல் தகவல் உரிமை மனுவுக்குப் பதில் அளித்தது. மீதி 20 சதவீதத்தில் எத்தனை பேருடைய சாடை இருக்குமோ!

விடுதலையாகிவிட்டேன். என் கைரேகை?

2022ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டப்படி 75 ஆண்டு வைத்திருக்கலாம். ஆனால் முன் தண்டனை இல்லாமல், மேல்முறையீடும் முடிந்து விடுதலையானவரின் பதிவை, நீதிமன்றம் வேறு உத்தரவு போட்டாலொழிய அழித்தாக வேண்டும். தீர்ப்பு நகலை இணைத்து எழுத்து மூலம் கேளுங்கள்.