சாமி வந்ததா, நடிப்பா?

கேள்வி: எங்கள் தெருவில் ஆடிக் கஞ்சி வார்க்கும்போது ஒருவருக்குச் சாமி வருகிறது. அது நிஜமா, நடிப்பா? சமூகவியல் படிக்கும் என் மகன், "அந்தக் கேள்வியே தப்பு" என்கிறான். ஏனாம்?
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: பையன் பாடத்தை ஒழுங்காகத்தான் படித்திருக்கிறான், சொன்னதில்தான் அவசரம். ஓர் அனுபவம் உண்மையா என்று தீர்ப்புச் சொல்லாமல், அனுபவிப்பவருக்கு அது எப்படித் தோன்றுகிறது என்று பார்ப்பது நிகழ்வியல். தத்துவவாதி ஹுஸ்ஸர்ல் தொடங்கிய அந்தத் தத்துவத்தைச் சமூகவியலுக்குக் கொண்டுவந்தவர் வியன்னாக்காரரான ஆல்ஃபிரட் ஷூட்ஸ். பகலில் வங்கி வேலை, இரவில் தத்துவம். 1939இல் நாஜிகளுக்குத் தப்பி நியூயார்க் போன பிறகும் அப்படியே. கனவு, நாடகம், சமய அனுபவம் எல்லாம் தனித்தனி மெய்ம்மைகள், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போவது ஒரு தாவல் என்று 1945இல் எழுதினார். கடவுள் உண்டா என்று தீர்ப்புச் சொல்வது சமூகவியலின் வேலையில்லை என்றார் சமூகவியலாளர் பீட்டர் பெர்கர். அவரோ லூத்தரன் கிறிஸ்தவர்! அதனால்தான் 'நிஜமா, நடிப்பா' என்று கேட்பதே தப்பு என்கிறான் உங்கள் மகன்.

ஆனால் உங்கள் கேள்வி தப்பில்லை. அதைச் சாமியாடும் இடத்திலேயே கேட்கிறார்களே! எங்கள் ஊர்ப் பூசாரி, "யார் வந்திருப்பது, சொல்லு" என்று அதட்டுவார். உள்ளங்கையில் சூடம் ஏற்றுவார். ஒரு வருடம் ஒருவர் சூடத்தைக் கண்டதும் கையை இழுத்துக்கொண்டார். பின்னால் நின்ற கிழவி, "இது சாராயச் சாமி" என்றாள். நிஜம் எது, நடிப்பு எது என்று அந்தக் கூட்டம் எப்படிப் பிரிக்கிறது? நிகழ்வியல்காரன் கவனிக்க வேண்டியது அதைத்தான்.

நானும் இதில் சறுக்கியவன். என் சின்னம்மாவுக்குச் சாமி வரும். மற்ற நாளில் சித்தப்பா எதிரே உட்காரக்கூட மாட்டாள். சாமி வந்தால், நிலத்தை விற்றதற்காக அவரை "டேய்" போட்டுத் திட்டுவாள். 'அடக்கிவைத்த கோபம் இப்படி வெளிப்படுகிறது' என்று என் ஆய்வேட்டில் எழுதி, பெருமையாக அவளிடமே வாசித்துக் காட்டினேன். "நான் எங்கேடா திட்டினேன்? திட்டியது ஆத்தா" என்றாள். கோபமே இல்லை என்று இன்றைக்கும் நான் நம்பவில்லை. ஆனாலும் அவள் சொன்னதை முதலில் எழுதிவிட்டு, என் விளக்கத்தை அப்புறம் வைத்திருக்க வேண்டும்.

இந்த ஆடியில், சாமி மலையேறும் கணத்தைப் பாருங்கள். ஷூட்ஸ் சொன்ன தாவல் கண்ணெதிரே நடக்கும். திருநீறு நெற்றியில் விழுந்ததும் சின்னம்மா ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடிப்பாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு என் பக்கம் திரும்பி, "பாலை மூடி வைத்தாயா? பூனை வரும்" என்பாள்.