எரியத் தொடங்கியதும் அணைந்துவிடும் ஆர்.வி. ஃபர்னஸ்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஆர்.வி. எனப்படும், தங்கிப் பயணிக்கும் வண்டியின் உட்புறத்தைச் சூடாக்கும் கேஸ் கருவிதான் ஃபர்னஸ். குளிர்காலம் தொடங்கியதும் வரும் கேள்விகளில் பெரும்பாலானவை ‘ஃபர்னஸ் நின்று எரியவில்லை, எந்தப் பாகத்தை மாற்றலாம்?’ என்றே இருக்கின்றன. எந்தப் பாகம் என்று சொல்வதற்கு முன் எனக்குத் தெரிய வேண்டியது, தெர்மோஸ்டாட் என்னும் வெப்பக் கட்டுப்பாட்டுக் குமிழைத் திருப்பியதிலிருந்து எத்தனையாவது விநாடியில், எந்த ஓசைக்குப் பிறகு அது அணைகிறது என்பதுதான். அதைக் கவனித்து எழுதியிருந்த சிலருடைய கேள்விகளையே இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: விசிறி ஓடுகிறது, ‘டிக் டிக்’ என்று தீப்பொறி ஓசை கேட்கிறது, சுடரும் பற்றுகிறது; ஆனால் சில விநாடிகளில் அணைந்துவிடுகிறது. மூன்று முறை இப்படி நடந்தபின் விசிறி மட்டும் ஓடுகிறது. அடுப்பு நன்றாக எரிவதால் கேஸில் குறை இருக்க முடியாது என்று நினைக்கிறேன். மின்னணுப் பலகையை மாற்றிவிடலாமா?

பதில்: ஃபர்னஸின் இயக்கத்தைக் கட்டுப்படுத்தும் அந்தப் பலகையைக் கடைசியில் பார்ப்போம். தெர்மோஸ்டாட் வெப்பம் கேட்டதும் முதலில் விசிறி சுழன்று, எரிகலனில் தங்கியிருக்கும் பழைய வாயுவை ஏறத்தாழ 15 முதல் 30 விநாடி வரை வெளியேற்றுகிறது. அதன் பிறகே கேஸ் வால்வு திறக்கிறது. அதே நேரத்தில் சுமார் 7 விநாடி தீப்பொறி எழுகிறது. அந்த அவகாசத்திற்குள் சுடர் இருப்பது பலகைக்குப் புலப்படாவிட்டால், சுடர் கண்ணெதிரே எரிந்துகொண்டிருந்தாலும் அது வால்வை மூடிவிடும்.

எரியும் சுடர் மிகச் சிறிய அளவில், மைக்ரோ ஆம்பியர் கணக்கில், மின்சாரத்தைக் கடத்தும். பர்னரை ஒட்டியிருக்கும் மின்முனையிலிருந்து சுடர் வழியாக பர்னரின் உலோகத்திற்குப் பாயும் அந்த மின்னோட்டத்தைக் கொண்டுதான் பலகை சுடரை உணர்கிறது. ஆகவே மின்முனையின் மேல் படிந்த மெல்லிய ஆக்சைடு படலம், அதைத் தாங்கும் பீங்கானில் ஓடிய மயிரிழை விரிசல், துருப்பிடித்த எர்த் இணைப்பு ஆகிய மூன்றில் ஒன்று போதும், நன்றாக எரியும் சுடர் பலகையின் கணக்கில் இல்லாததாகிவிட. சிலிண்டரை மூடி, மின்சாரத்தையும் துண்டித்துவிட்டு, முனையை மென்மையான எஃகு நாரால் துடையுங்கள். பர்னருக்கும் முனைக்கும் இடையே உள்ள இடைவெளி பெரும்பாலும் சுமார் 3 மில்லிமீட்டர்; உங்கள் மாடலின் கையேட்டில் உள்ள அளவையே இறுதியாகக் கொள்ளுங்கள். பீங்கானில் விரிசல் இருந்தால் முனையை மாற்றியே ஆக வேண்டும்.

அடுப்பு எரிவதைக் கொண்டு கேஸ் அழுத்தம் சரியாக இருக்கிறது என்று முடிவு செய்வதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. ஓர் அடுப்பு பர்னருக்கு வேண்டியதைவிடப் பல மடங்கு கேஸ் ஃபர்னஸுக்கு வேண்டும். ஃபர்னஸ் எரியும்போதே அழுத்தம் 11 அங்குல நீர்மட்ட அளவில் நிற்கிறதா என்று மானோமீட்டர் என்னும் அழுத்தமானியால் பார்ப்பதுதான் முறை. கருவி இல்லையென்றால், அடுப்பை எரியவிட்டபடி ஃபர்னஸைத் தொடக்குங்கள். ஃபர்னஸ் பற்றும் கணத்தில் அடுப்பின் சுடர் வெகுவாகச் சுருங்கினால் ரெகுலேட்டரையும் ரப்பர் குழாயையும் சந்தேகியுங்கள்.

கேள்வி: வெளி மின்சாரத்தில் இணைத்திருக்கும்போது எந்தக் குறையும் இல்லை. பேட்டரியில் ஓடும் இரவுகளில் விசிறி மட்டும் சுழல்கிறது, தீப்பொறி ஓசையே கேட்பதில்லை. என்ன காரணம்?

பதில்: உங்கள் ஃபர்னஸுக்குக் காற்று போதவில்லை; அதற்குக் காரணம் பேட்டரி. விசிறியின் பாதையில் செயில் சுவிட்ச் என்னும் சிறிய தகடு இருக்கிறது. விசிறி போதிய வேகத்தை எட்டிக் காற்று அத்தகட்டைத் தள்ளினால்தான் பற்றவைப்புக்கான மின்சுற்று முழுமையடையும். மின்னழுத்தம் குறையும்போது விசிறி சுழல்வது போலத் தோன்றினாலும் தகடு நகர்வதில்லை. விசிறி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஃபர்னஸின் இணைப்பில் அளந்து பாருங்கள், 10.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலான ஃபர்னஸ்கள் பற்றுவதில்லை. பேட்டரி முனையில் 12.5 காட்டி, ஃபர்னஸில் 10 காட்டினால், குறை இடையிலுள்ள கம்பியிலோ இணைப்பிலோ இருக்கிறது. மின்னழுத்தம் சரியாக இருந்தும் தகடு நகரவில்லை என்றால் அதில் சிக்கியிருக்கும் பஞ்சையும் செல்லப்பிராணிகளின் முடியையும் அகற்றுங்கள். நாயோடு பயணம் செய்பவர்களின் வண்டிகளில் நான் முதலில் திறந்து பார்ப்பது இந்த இடத்தைத்தான்.

கேள்வி: மாலையில் நன்றாக எரிகிறது, கடுங்குளிர் இரவுகளில் நள்ளிரவுக்குப் பின் அணைந்துவிடுகிறது. காலையில் சிலிண்டரின் மேல் உறைபனி படிந்திருக்கிறது. சிலிண்டரைச் சூடாக்கலாமா?

பதில்: சுடராலோ கொதிநீராலோ சிலிண்டரை ஒருபோதும் சூடாக்காதீர்கள். சிலிண்டருக்குள் திரவமாக இருக்கும் புரொப்பேன் ஆவியாவதற்குத் தேவையான வெப்பத்தைத் தன்னிடமிருந்தும் சிலிண்டரின் சுவரிலிருந்தும் எடுத்துக்கொள்வதால்தான் வெளியே உறைபனி படிகிறது. புரொப்பேனின் கொதிநிலை −42 டிகிரி செல்சியஸ் என்பதால் சாதாரணக் குளிரில் அது ஆவியாவது நின்றுவிடாது. ஆனால் வேகம் குறையும். திரவ மட்டம் தாழ்ந்திருக்கும்போது அது தொடும் சுவர்ப்பரப்பும் குறைவதால் ஆவியாதல் இன்னும் மந்தமாகும். எனவே குளிர்ந்த இரவுக்கு நிரம்பிய சிலிண்டரை இணைத்து வைப்பது நல்லது. வெப்பமான இடத்தில் நிரப்பிக்கொண்டு வந்த சிலிண்டராக இருந்தால் அதில் பியூட்டேன் கலந்திருக்கிறதா என்று விசாரியுங்கள், ஏனெனில் பியூட்டேன் 0 டிகிரியை ஒட்டியே ஆவியாக மறுத்துவிடும். கேஸில் கலந்த ஈரம் ரெகுலேட்டரின் சிறு துளையில் உறைந்து அடைப்பதும் உண்டு. ரெகுலேட்டரின் காற்றுத்துளை கீழ்நோக்கி இருக்கும்படியும், பனியும் மழையும் படாதபடி மூடியோடும் பொருத்தியிருக்கிறதா என்று பாருங்கள்.

சிலிண்டரை மாற்றிய உடனே இந்தக் குறை தோன்றினால் காரணம் வேறு. வால்வைச் சட்டென்று திறந்தால், குழாய் அறுந்துவிட்டது என்று கருதி இணைப்பிலுள்ள பாதுகாப்பு அமைப்பு கேஸை ஒடுக்கிவிடும். மூடிவிட்டுச் சற்றுப் பொறுத்து, மெதுவாகத் திறக்க வேண்டும்.

கேள்வி: பத்து நிமிடம் நன்றாக எரிந்தபின் சுடர் அணைகிறது, விசிறி ஓடிக்கொண்டே இருக்கிறது, பிறகு தானே பற்றுகிறது.

பதில்: அளவுக்கு மீறிச் சூடானதால் லிமிட் சுவிட்ச் என்னும் பாதுகாப்புச் சுவிட்ச் சுடரை நிறுத்துகிறது. மூடி வைத்த வெப்பக்காற்றுத் திறப்புகளைத் திறந்துவிடுங்கள். காற்று உள்ளே திரும்பும் வாயில் முன் அடுக்கிய பெட்டிகளை அகற்றுங்கள். நசுங்கிய காற்றுக்குழாயை நேராக்குங்கள். இவ்வளவும் செய்த பிறகும் தொடர்ந்தால் மட்டும் சுவிட்சைச் சந்தேகியுங்கள்.

கேள்வி: பல மாதம் நிறுத்தி வைத்திருந்த வண்டி. முதல் நாளே ‘புஸ்’ என்ற ஓசையோடு பற்றி அணைகிறது.

பதில்: வெளிப்புறப் புகைவாயைப் பாருங்கள். சிலந்தியும் குளவியும் அங்கே கூடு கட்டுவது மிகச் சாதாரணம். எரிவதற்கான காற்று நுழைவதும் அதே முகப்பின் வழியாகத்தான். அது சுத்தமாக இருந்தால், குழாயில் தங்கிய காற்று வெளியேற அடுப்பைச் சிறிது நேரம் எரியவிட்டுவிட்டுப் பிறகு ஃபர்னஸைத் தொடக்குங்கள்.

கேள்வி: செயில் சுவிட்சின் இரண்டு கம்பிகளையும் ஒன்றாக இணைத்துவிட்டால் எரியும் என்று ஒருவர் சொன்னார். தற்காலிகமாகச் செய்யலாமா?

பதில்: ஓர் இரவுக்குக் கூடச் செய்யாதீர்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். அந்தச் சுவிட்ச் இல்லாமல் எரியும் ஃபர்னஸில் விசிறி நின்றுபோனாலும் கேஸ் வந்துகொண்டே இருக்கலாம். காற்று போதாமல் எரியும் சுடர் கார்பன் மோனாக்சைடைப் பெருக்கும். சுடரின் வெப்பத்தை அறைக்காற்றுக்குக் கடத்தும் வெப்பமாற்றிக் கலன் தாங்க முடியாத அளவு சூடேறி விரிசல் விடலாம். விரிசல் விட்ட கலன் வழியாக அந்த வாயு நீங்கள் உறங்கும் அறைக்குள்ளேயே வரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. நீலச் சுடர் மஞ்சளாக மாறியிருந்தாலோ புகைவாயில் கரி படிந்திருந்தாலோ ஃபர்னஸை நிறுத்திவிட்டுத் தகுதிபெற்ற பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள். விரிசல் விட்ட கலனை ஒட்டவைக்கக் கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியும் கேஸ் கசிவு எச்சரிக்கைக் கருவியும் காலாவதியாகிவிட்டனவா என்று இன்றே அவற்றின் பின்பக்கத் தேதியைப் பாருங்கள். புரொப்பேன் காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமானது என்பதால் கசிவுக் கருவி தரையை ஒட்டியே இருக்க வேண்டும். கேஸ் மணம் வந்தால் எந்தச் சுவிட்சையும் தொடாமல் அனைவரையும் வெளியே அழைத்துவந்து, சிலிண்டரை மூடிவிட்டு, தள்ளி நின்று உதவிக்கு அழையுங்கள்.